% குறிக்குப் பின்னால்: ஜூபிட்டர் நோட்புக்கின் மேஜிக் கட்டளைகள்

புதுச்சேரி, கடலூர் பக்கத்துக் கல்லூரிகளில் டேட்டா சயின்ஸ் படிக்கும் மாணவர்களின் ஜூபிட்டர் நோட்புக்கைத் (பைத்தான் நிரலைச் செல் என்னும் சிறு கட்டங்களில் எழுதி உலாவியிலேயே ஓட்டும் பக்கம்) திறந்தால், முதல் செல்லிலேயே அந்த வரி உட்கார்ந்திருக்கும்: %மேட்பிளாட்லிப் இன்லைன். எதற்கு இது என்று கேட்டால், "சீனியர் குடுத்த நோட்புக்ல இருந்துச்சு சார், இதை எடுத்தா கிராஃப் வராதுன்னு சொன்னாங்க" என்பார்கள். எடுத்துவிட்டு ஓட்டிப் பார்த்தால் கிராஃப் வந்துவிடும். ஒரு காலத்தில் அந்த வரி இல்லாவிட்டால் படம் செல்லுக்குக் கீழே வராது என்பது உண்மைதான். இப்போதைய ஜூபிட்டரும், கிராஃப் வரையும் தொகுப்பான மேட்பிளாட்லிப்பும் அதைத் தாமாகவே பார்த்துக்கொள்கின்றன.

மேஜிக் கட்டளைகள் நம் மாணவர்களிடம் இப்படித்தான் வந்து சேர்கின்றன, கைமாறிக் கைமாறி. விழுக்காட்டுக் குறியோடு தொடங்கும் அந்த வரியை யார் படிக்கிறார்கள், அது எங்கே செல்லும், எங்கே செல்லாது என்று யாரும் உட்கார வைத்துச் சொல்லித் தருவதில்லை. லேப் ரெக்கார்டில் அதற்கு இடமில்லை, தேர்வில் கேள்வியும் வராது. ஆனால் நோட்புக்கில் உருப்படியாக வேலை செய்ய வேண்டுமானால், பைத்தானுக்கு அடுத்தபடி தெரிந்திருக்க வேண்டியது இதுதான் என்பேன். நோட்புக்கின் நினைவில் இந்த நிமிடம் என்ன இருக்கிறது என்பது திரையில் தெரியாது. அதை எட்டிப் பார்க்கவும், அளக்கவும், உடைந்த இடத்தில் நின்று விசாரிக்கவும் நம் கையில் இருப்பவை இந்தக் கட்டளைகள்.

கட்டளைகளின் பெயர்களை இங்கே தமிழ் எழுத்தில் தருகிறேன். தட்டும்போது ஆங்கிலச் சிற்றெழுத்தில் தட்ட வேண்டும்.

இவை பிறந்த இடத்தைச் சொன்னால் பாதி விஷயம் தெளிவாகிவிடும். 2001-இல் அமெரிக்காவின் கொலராடோ பல்கலைக்கழகத்தில் இயற்பியல் ஆய்வு மாணவராக இருந்தவர் ஃபெர்னாண்டோ பெரெஸ். கொலம்பியாக்காரர். ஒரு வரி தட்டி, விடையைப் பார்த்து, அதற்குப் பிறகு அடுத்த வரியை யோசிப்பது ஆய்வாளர்களின் பழக்கம். பைத்தானோடு வந்த வெறும் ஷெல் (கட்டளைகளைத் தட்டி ஓட்டும் திரை) அதற்குப் போதவில்லை. அதனால் தன் வசதிக்கு 259 வரியில் ஒரு சிறு நிரல் எழுதிக்கொண்டார். அதுதான் வளர்ந்து ஐபைத்தான் ஆனது. உலாவியில் திறக்கும் நோட்புக் அதன் 0.12 பதிப்போடு 2011 டிசம்பரில் வந்தது. 2014-இல் பைத்தானைச் சாராத பகுதிகளெல்லாம் பிரிந்து ஜூபிட்டர் என்ற தனித் திட்டமாயின. மேஜிக் கட்டளைகள் ஐபைத்தானிடமே தங்கிவிட்டன.

இந்தப் பாகப்பிரிவினையை மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். நாம் பார்ப்பது உலாவியில் இருக்கும் பக்கம். கணக்குப் போடுவது பின்னால் தனியாக ஓடிக்கொண்டிருக்கும் கர்னல். ஷிஃப்ட்-எண்டர் அழுத்தினால் செல்லில் உள்ள எழுத்து அப்படியே கர்னலுக்குப் போகிறது, விடை திரும்பி வருகிறது. மேஜிக்கைப் புரிந்துகொள்வது கர்னல்தான், அதிலும் ஐபைத்தான் கர்னல். அதே ஜூபிட்டரில் ஆர் மொழிக்கான கர்னலைத் தேர்ந்தெடுத்துவிட்டு %டைம்இட் என்று தட்டினால் எரர்தான் வரும். பக்கம் பார்க்க ஒரே மாதிரி இருக்கும், ஆனால் எதிர்முனையில் இருப்பவர் வேறு ஆள்.

கர்னல் என்ன செய்கிறது? நாம் அனுப்பியதைப் பைத்தானிடம் கொடுப்பதற்கு முன் ஒரு முறை வாசித்து, மேஜிக் வரிகளைச் சாதாரணப் பைத்தானாக மாற்றி எழுதுகிறது. ஒற்றை % இருந்தால், அந்த வரி ‘ரன்_லைன்_மேஜிக்’ என்ற ஃபங்ஷனை அழைக்கும் வரியாக மாறுகிறது. கட்டளையின் பெயர் ஒரு சரம் (வெறும் எழுத்துத் தொடர்), அதற்குப் பின்னால் அந்த வரியில் உள்ளதெல்லாம் இன்னொரு சரம். %% இருந்தால் ‘ரன்_செல்_மேஜிக்’, அப்போது மொத்த செல்லும் சரமாகப் போகும். ஆச்சரியக்குறியோடு தொடங்கும் வரி ‘சிஸ்டம்’ என்ற ஃபங்ஷன் வழியாக இயங்குதளத்தின் ஷெல்லுக்குப் போகும். நம்பாவிட்டால் கண்ணாலேயே பார்க்கலாம்: %ஹிஸ்டரி கட்டளையோடு ஒரு சிறு கோடும் ‘டிரான்ஸ்லேட்டட்’ என்பதன் முதலெழுத்தும் சேர்த்துத் தட்டினால், நாம் எழுதிய வரிகள் மாறிய வடிவத்தில் வரிசையாக வரும். யாருக்குச் சொல்லிக் கொடுத்தாலும் இதைத்தான் முதலில் செய்து காட்டுவேன். மேஜிக் என்ற பெயர் கிளப்பும் மிரட்சி அந்த ஒரு திரையில் போய்விடும்.

விழுக்காட்டுக் குறி தேர்வானதும் யோசித்துச் செய்த வேலை. பைத்தானில் அது வகுத்தால் வரும் மீதியைத் தரும் குறி, அதன் இரு பக்கமும் ஏதாவது இருந்தாக வேண்டும். எந்தச் சரியான பைத்தான் கூற்றும் அந்தக் குறியில் தொடங்காது. ஆகவே முதலெழுத்தே % என்றால், இது பைத்தானுக்கு வந்ததல்ல, எனக்கு வந்தது என்று ஐபைத்தான் சந்தேகமில்லாமல் எடுத்துக்கொள்கிறது.

இந்த மாற்றி எழுதும் வேலை புரிந்துவிட்டால், லேபில் அடிக்கடி எழும் குழப்பங்களுக்கு விடை தானாகக் கிடைக்கும். %%டைம் என்ற வரிக்கு மேலே ஒரு கமெண்ட் எழுதியிருப்பார்கள், உடனே அப்படி ஒரு மேஜிக்கே இல்லை என்று எரர் வரும். இரட்டைக் குறி செல்லின் முதல் வரியாக இருந்தால்தான் அது செல் மேஜிக். மேலே கமெண்ட் வந்துவிட்டால் கர்னல் அதை வரி மேஜிக்காகத் தேடுகிறது, கிடைக்கவில்லை என்கிறது. இன்னொன்று, மேஜிக்கிற்குப் பின்னால் வருவது சரமாகவே போவதால் %சிடி-க்குப் பிறகு ஃபோல்டர் பெயரை மேற்கோளுக்குள் போடத் தேவையில்லை. வேரியபிளில் இருக்கும் மதிப்பை அங்கே தர வேண்டுமானால் நெளிவு அடைப்புக்குள் அதன் பெயரைப் போட வேண்டும்.

% குறியே போடாமல் வெறுமனே பெயரைத் தட்டினாலும் சில நேரம் வேலை நடக்கும். ஆட்டோமேஜிக் என்ற வசதி இயல்பாகவே இயங்கிக்கொண்டிருப்பதுதான் காரணம். அதே பெயரில் ஒரு வேரியபிள் இருந்தால் வேரியபிள்தான் முந்திக்கொள்ளும், கட்டளை ஓடாது. நேற்று ஓடிய வரி இன்று வேறு எதையோ காட்டும். ஆகவே குறியைப் போட்டே எழுதுங்கள். படிப்பவருக்கும் இது பைத்தான் இல்லை என்று தெரியும்.

இனி அளப்பதற்கு வருவோம். எல்லோருக்கும் தெரிந்த மேஜிக் %டைம்இட். எல்லோரும் தவறாகப் பயன்படுத்துவதும் அதுதான். %டைம் என்பது நிரலை ஒரே ஒரு முறை ஓட்டி நேரம் சொல்லும். %டைம்இட் பல முறை ஓட்டிச் சராசரி சொல்லும். ஒரு ஓட்டத்தில் எத்தனை சுற்று என்பதை அதுவே முடிவு செய்து, அப்படி 7 ஓட்டங்கள் ஓட்டி, சராசரியையும் திட்ட விலக்கத்தையும் தரும். அளக்கும்போது பைத்தானின் குப்பை அள்ளும் வேலையை, அதாவது பயன்படாத நினைவை விடுவிப்பதை, நிறுத்தி வைத்துவிட்டுத்தான் ஓட்டும். மைக்ரோ செகண்ட் கணக்கில் முடியும் சிறு வேலைகளை ஒப்பிட இதைவிட நல்ல கருவி கிடையாது.

சிக்கல் எங்கே வரும் என்றால், திரும்பத் திரும்ப ஓட்டுவதால் தன்மையே மாறிவிடும் வேலைகளில். ஒரு லிஸ்டை அதே இடத்தில் வரிசைப்படுத்தும் ‘சார்ட்’ ஃபங்ஷனை %டைம்இட் போட்டு அளக்கிறோம் என்று வையுங்கள். முதல் சுற்றிலேயே லிஸ்ட் வரிசையாகிவிடும். அடுத்த ஆயிரம் சுற்றுகளும் ஏற்கெனவே வரிசையாக இருப்பதைத்தான் வரிசைப்படுத்துகின்றன. பைத்தானின் வரிசையாக்கம் அத்தகைய லிஸ்டை மிக வேகமாகக் கடந்துவிடும். திரையில் வரும் எண் அழகாக இருக்கும், நாம் கேட்ட கேள்விக்கு விடையாக இருக்காது. சிஎஸ்வி ஃபைலைப் படிப்பதும் அப்படித்தான். முதல் முறை டிஸ்கிலிருந்து வரும், அடுத்தடுத்து இயங்குதளம் நினைவில் வைத்திருக்கும் நகலிலிருந்து வரும். டேட்டாபேஸில் ஒரு வரிசை சேர்க்கும் நிரலை இதைக்கொண்டு அளந்தால், எத்தனை சுற்றோ அத்தனை வரிசைகள் போய் உட்கார்ந்துவிடும்.

இன்னொரு பக்கம், பத்து நிமிடம் ஓடும் மாடல் பயிற்சியின் தலையில் %%டைம்இட் போட்டுவிட்டு, கணினி தொங்கிவிட்டது என்று உட்கார்ந்திருப்பவர்கள் உண்டு. தொங்கவில்லை. எத்தனை சுற்று வேண்டும் என்று பார்க்க ஒரு முறை, அதற்குப் பிறகு 7 முறை, ஆக எட்டு முறை, எண்பது நிமிடங்கள். அது முடிந்ததும் பயிற்சி பெற்ற மாடலை எடுக்கப் போனால் அப்படி ஒரு வேரியபிளே இருக்காது, ஏனென்றால் %%டைம்இட் செல்லுக்குள் உருவானவை வெளியே வருவதில்லை. நீண்ட வேலைக்கு %%டைம் போதும். அது ஒரு முறைதான் ஓட்டும், உருவான வேரியபிள்களும் கையில் நிற்கும்.

%%டைம் தரும் இரண்டு எண்களையும் சேர்த்துப் படிக்கப் பழக வேண்டும். சிபியு நேரம் என்பது செயலி உழைத்த நேரம், வால் டைம் என்பது சுவர்க் கடிகாரத்தில் ஓடிய நேரம். வால் டைம் அதிகமாகவும் சிபியு நேரம் மிகக் குறைவாகவும் வந்தால் நிரல் எதற்கோ காத்திருந்திருக்கிறது என்று பொருள்: இணையத்துக்கு, டிஸ்குக்கு, கூகுள் டிரைவுக்கு. அங்கே லூப்பைத் திருத்தி நேரத்தைக் குறைக்க முடியாது. சிபியு மொத்தம் வால் டைமைவிட அதிகமாக இருந்தால் பல கோர்கள் ஒரே நேரத்தில் வேலை செய்திருக்கின்றன. எந்த ஃபங்ஷனில் நேரம் போகிறது என்று பிரித்துப் பார்க்க %பிரன் இருக்கிறது. வரி வரியாகப் பார்க்க வேண்டுமானால் லைன் புரொஃபைலர் என்ற தொகுப்பை நிறுவி, அது தரும் %எல்பிரன்-ஐ ஏற்றிக்கொள்ள வேண்டும்.

அளப்பதை இவ்வளவு விரிவாகச் சொன்னாலும், என்னைக் கேட்டால் மேஜிக் கட்டளைகளிலேயே தலைசிறந்தது %டிபக். அதைத் தெரியாமலேயே பட்டம் வாங்கிவிடுகிறார்கள் என்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருகிறது.

பண்ருட்டியிலிருந்து வந்துகொண்டிருந்த ஒரு மாணவி தன் இறுதியாண்டு புராஜெக்ட்டாக மழைக் கணக்கை எடுத்திருந்தார். கடலூர், பரங்கிப்பேட்டை, சிதம்பரம், விருத்தாசலம், காட்டுமன்னார்கோவில், புதுச்சேரி என்று ஊர் ஊராகத் தினசரி மழையளவு. காலை 8.30 மணியோடு முடியும் 24 மணி நேரக் கணக்கு அது. ஒவ்வொரு ஃபைலாகப் படித்து மாத மொத்தம் போடும் ஃபங்ஷன் பாதியில் நின்றுவிட்டது: எழுத்தை எண்ணாக மாற்ற முடியவில்லை, மாற்ற முடியாதது ஒரு சிறு கோடு என்று எரர். எந்த ஊர் ஃபைல், எந்தத் தேதி என்று எரரில் இல்லை. "எல்லா ஃபைலையும் எக்ஸெல்ல திறந்து பார்க்கணுமா சார்?" என்று கேட்டார்.

வேண்டியதில்லை. எரர் வந்தவுடனேயே, வேறு எதையும் ஓட்டாமல், அடுத்த செல்லில் %டிபக் என்று தட்டி ஓட்டினால், நிரல் உடைந்த அதே இடத்தில் நம்மைக் கொண்டுபோய் நிறுத்தும். ஒரு சிறிய பெட்டி திறக்கும். அட்டவணைத் தரவைக் கையாளும் பாண்டாஸ் தொகுப்பின் உள்ளே ஏதோ ஒரு மூலையில் நிற்போம், நமக்குத் தெரிந்த பெயர் எதுவும் அங்கே இருக்காது. ‘அப்’ என்பதன் முதலெழுத்தைத் தட்டத் தட்ட, அழைத்த ஃபங்ஷன், அதை அழைத்த ஃபங்ஷன் என்று ஒவ்வொரு படியாக மேலே வந்து, நாம் எழுதிய வரிக்கு வந்து சேர்வோம். அங்கே ‘பிரிண்ட்’ என்பதன் முதலெழுத்தோடு ஊர் என்ற வேரியபிளின் பெயரைக் கொடுத்தால் எந்த ஊர் என்று சொல்லிவிடும். தேதியும் அப்படியே. உடைந்த கணத்தில் எந்த வேரியபிளில் என்ன இருந்ததோ அது கலையாமல் அப்படியே இருக்கும்.

அப்படிப் பார்த்ததில் தெரிந்தது: ஒரு நிலையத்தின் தாளில் மழையே இல்லாத நாளுக்குச் சிறு கோடு போட்டிருந்தார்கள். இன்னொரு தாளில் அளக்கும் அளவுக்குச் சேராத தூறலுக்கு ‘டிரேஸ்’ என்று எழுதியிருந்தார்கள். வேறொன்றில் கட்டம் காலியாக இருந்தது, அதாவது அன்றைக்கு அளவே எடுக்கவில்லை. மூன்றும் மூன்று விஷயம். எண்ணாக மாறாததையெல்லாம் காலியாக்கு என்று பாண்டாஸிடம் ஒரு வரியில் சொல்லிவிடலாம், எரரும் நின்றுவிடும். பலரும் செய்வது அதைத்தான். மழை இல்லாத நாளும் அளவெடுக்காத நாளும் அதற்குப் பிறகு ஒன்றாகிவிடும். மாதச் சராசரி தப்பாகும், தப்பானது யாருக்கும் தெரியாது.

அதே நிரலில், ஒரு நாள் மழை 300 மி.மீ.க்கு மேல் இருந்தால் தட்டச்சுப் பிழை என்று எரர் எழுப்பும் சோதனையும் வைத்திருந்தார். அதுவும் ஒரு நாள் குறுக்கே நின்றது. %டிபக் போட்டு மேலே ஏறிப் பார்த்தால் ஊர் புதுச்சேரி, தேதி 2024 டிசம்பர் 1. ஃபெஞ்சல் புயல் நவம்பர் 30 இரவு கரையைக் கடந்தபோது கொட்டிய மழை. 24 மணி நேரத்தில் 40 செ.மீ.க்கு மேல். பிழை எண்ணில் இல்லை, சோதனை வரம்பில்தான் இருந்தது. எரரை அடக்குவதற்கு முன் அந்த இடத்தில் நின்று பார்த்ததால்தான் அந்த நாள் கணக்கில் தங்கியது.

%டிபக்-இல் ஒரே ஒரு எச்சரிக்கை. பெட்டியிலிருந்து ‘குவிட்’ கொடுத்து வெளியே வரும்வரை கர்னல் நமக்காகக் காத்துக்கொண்டே இருக்கும். அதை மறந்துவிட்டு வேறு செல்லை ஓட்டினால் பக்கத்தில் நட்சத்திரக் குறி மட்டும் வரும், எதுவும் நடக்காது. கோளாறு ஒன்றுமில்லை, மேலே போய்ப் பெட்டியை மூடினால் சரியாகிவிடும்.

நினைவைப் பற்றிச் சொன்னேன். நோட்புக்கில் ஒரு செல்லை அழித்தால் அந்த எழுத்து மட்டும்தான் போகிறது, அது உருவாக்கிய வேரியபிள் கர்னலில் உயிரோடு இருக்கிறது. செல்களை முன்பின்னாக ஓட்டினால், திரையில் மேலிருந்து கீழாகப் படிப்பவருக்கு ஒரு கதை, கர்னலுக்குள் வேறொரு கதை. தன் கணினியில் ஓடிய நோட்புக் வெளித்தேர்வாளர் முன்னால் ஓடாமல் போவதற்கு முதல் காரணம் இதுதான். %ஹூஸ் என்று தட்டினால் இப்போது கர்னலில் இருக்கும் வேரியபிள்கள், அவற்றின் வகை, மதிப்பு அல்லது அளவு எல்லாம் பட்டியலாக வரும். அழித்துவிட்டதாக நினைத்த பெயர் அதில் இருந்தால் அங்கேயே விஷயம் வெளிச்சமாகும். %ரீசெட் எல்லா வேரியபிளையும் துடைத்துவிடும். ஆனால் ஏற்றிவைத்த தொகுப்புகளின் அமைப்புகளைப் பழைய நிலைக்குக் கொண்டுவராது. ஒப்படைப்பதற்கு முன் கர்னலையே மறுதொடக்கம் செய்து எல்லாச் செல்களையும் வரிசையாக ஓட்டிப் பார்ப்பதுதான் நம்பகமான சோதனை.

நினைவைத் துடைப்பதற்கு நேர்மாறானது %ஸ்டோர். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் கடலூரில் கரண்ட் எப்போது போகும் என்று சொல்ல முடியாது. மேசைக் கணினி அணைந்தால் கர்னலும் அதிலிருந்த கணக்கும் போயிற்று. அரை மணி நேரம் ஓடி வந்த ஒரு அட்டவணையை %ஸ்டோர் போட்டு வைத்தால் அது டிஸ்கில் பதிந்திருக்கும். மறுநாள் ‘ரெஸ்டோர்’ என்பதன் முதலெழுத்தைக் கோட்டோடு சேர்த்துக் கொடுத்தால் திரும்ப வந்துவிடும். பெரிய தரவுகளை இப்படிப் பூட்டி வைப்பதை நான் சிபாரிசு செய்யமாட்டேன், அவற்றை முறையான ஃபைலாகச் சேமிப்பதே நல்லது. இடையில் நிற்கும் கணக்கு ஒன்றிரண்டுக்கு இது போதும். கூகுளின் இணையவழி நோட்புக்கான கோலாபில் இது அவ்வளவாகக் கைகொடுக்காது. அங்கே அமர்வு முடிந்தால் டிஸ்கும் சேர்ந்தே போய்விடும்.

அடுத்தது, ஒரே எழுத்தால் மணிக்கணக்கில் அலையவிடும் விஷயம்: தொகுப்பு நிறுவுவது. ஆச்சரியக்குறி போட்டு, தொகுப்புகளை நிறுவும் கருவியான பிப்பை அழைத்து ‘பிப் இன்ஸ்டால்’ என்று தட்டுகிறார்கள், வெற்றிகரமாக நிறுவப்பட்டது என்றும் வருகிறது. அடுத்த செல்லில் இம்போர்ட் செய்தால் அப்படி ஒரு மாட்யூலே இல்லை என்கிறது. லேப் கணினிகளில் அனகோண்டா ஒரு பைத்தான், யாரோ பின்னால் நிறுவிய தனிப் பைத்தான் இன்னொன்று என்று இரண்டு மூன்று கிடப்பது சகஜம். ஆச்சரியக்குறி ஷெல்லிடம் போகிறது, ஷெல் தன் பாதையில் முதலில் கிடைக்கும் ‘பிப்’பை எடுத்துக்கொள்கிறது. அது நம் கர்னல் ஓடும் பைத்தானுடையதாக இருக்க வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. ஆச்சரியக்குறிக்குப் பதிலாக %பிப் என்று போட்டால், இதே கர்னலின் பைத்தானில்தான் நிறுவும். இந்தத் தொல்லை தாங்காமல்தான் 2019-இல் ஐபைத்தான் 7.3-இல் %பிப், %கோண்டா இரண்டையும் சேர்த்தார்கள். ஏற்கெனவே இம்போர்ட் செய்த தொகுப்பைப் புதுப்பித்திருந்தால் கர்னலை ஒரு முறை மறுதொடக்கம் செய்ய வேண்டும்.

ஃபோல்டர் மாற்றுவதிலும் இதே கதை. ஆச்சரியக்குறியோடு ‘சிடி’ போட்டால் ஒரு தற்காலிக ஷெல் திறந்து, அது ஃபோல்டர் மாறி, உடனே மூடிக்கொள்ளும். நாம் இருந்த இடத்திலேயே இருப்போம். %சிடி கர்னலையே நகர்த்தும்.

மற்றவற்றை வேகமாகச் சொல்லிவிடலாம். %%ரைட்ஃபைல் செல்லில் உள்ளதை ஃபைலாக எழுதும், அந்தச் செல்லை ஓட்டாது. அது தெரியாமல் "ஃபங்ஷன் டிஃபைன் ஆகலையே" என்று தவிப்பவர்கள் உண்டு. %ரன் ஒரு பைத்தான் ஃபைலை ஓட்டி அதன் வேரியபிள்களை நோட்புக்கிற்குக் கொண்டுவரும். %%கேப்ச்சர் பக்கம் பக்கமாகக் கொட்டும் வெளியீட்டைத் திரையில் காட்டாமல் பிடித்து வைத்துக்கொள்ளும். %%பாஷ் லினக்ஸில் அருமையாக ஓடும், விண்டோஸில் பாஷ் நிறுவியிருந்தால்தான் ஓடும். ஃபங்ஷன்களைத் தனி ஃபைலில் எழுதி நோட்புக்கிலிருந்து அழைப்பவர்களுக்கு %ஆட்டோரீலோட் கண்டிப்பாகத் தேவை. அதை முதலில் %லோட்_எக்ஸ்ட் மூலம் ஏற்றி, பிறகு 2 என்ற எண்ணோடு இயக்கினால், ஃபைலில் செய்த திருத்தம் அடுத்த செல் ஓடும்போதே அமலுக்கு வரும். சி மொழியில் எழுதப்பட்ட தொகுப்புகளில் இது பலிக்காது. %என்வ் கொண்டு, கடவுச்சொல் போன்ற ஏபிஐ சாவியைச் செல்லில் தட்டாதீர்கள். அது நோட்புக் ஃபைலில் பதிந்து, கிட்ஹப்பில் ஏற்றும்போது ஊருக்கே தெரிந்துவிடும். கிராஃபில் தமிழ்ப் பெயர்கள் கட்டம் கட்டமாக வருவதற்கும் %மேட்பிளாட்லிப் வரிக்கும் தொடர்பில்லை. மேட்பிளாட்லிப் இயல்பாக எடுத்துக்கொள்ளும் எழுத்துருவில் தமிழ் எழுத்துகள் கிடையாது, எழுத்துருவைத்தான் மாற்ற வேண்டும்.

முழுப் பட்டியல் வேண்டுமானால் %எல்எஸ்மேஜிக். ஒவ்வொன்றின் விளக்கத்துக்கும் அதன் பெயருக்குப் பின்னால் கேள்விக்குறி போட்டு ஓட்டினால் போதும்.

வேலைக்குப் போகிறவர்களுக்கு ஒன்று. பல நிறுவனங்களில் டேட்டாபிரிக்ஸ் நோட்புக்தான். அங்கே செல்லின் தலையில் ஒற்றைக் குறியோடு %எஸ்கியூஎல் என்று போட்டால் முழுச் செல்லும் எஸ்கியூஎல் மொழிக்கு மாறிவிடும். ஜூபிட்டர் பழக்கத்தில் முழுச் செல்லுக்கு இரட்டைக் குறிதானே என்று எதிர்பார்த்துப் போனால் தடுமாறுவீர்கள். ஜூபிட்டரில் %%எஸ்கியூஎல் தானாக வருவதில்லை, தனியாக ஒரு எக்ஸ்டென்ஷன் நிறுவ வேண்டும். குறி ஒன்றேதான், அதற்கு என்ன பொருள் என்பதை எதிர்முனையில் இருப்பவர்தான் தீர்மானிக்கிறார்.

கடைசியாக, நிரல் நோட்புக்கை விட்டு வெளியேறும் கட்டம். புராஜெக்ட்டை இணையச் செயலியாக்க ஸ்ட்ரீம்லிட்டிலோ ஃபிளாஸ்கிலோ போடுவதற்காக நோட்புக்கைப் பைத்தான் ஃபைலாக எக்ஸ்போர்ட் செய்கிறார்கள். ஓட்டியதும் ‘கெட்_ஐபைத்தான்’ என்ற பெயர் வரையறுக்கப்படவில்லை என்று எரர். கர்னல் மாற்றி எழுதுவது போலவே மாற்றிய வரிகள்தான் ஃபைலில் வந்திருக்கும், அவற்றைப் புரிந்துகொள்ளும் ஐபைத்தான் அங்கே இல்லை. தச்சரின் முழக்கோல் கதவோடு வாங்கியவர் வீட்டுக்குப் போவதில்லை, அளக்கும் மேஜிக்குகளும் அப்படியே பட்டறையில் தங்க வேண்டியவை. %டைம்இட், %ஹூஸ், %டிபக், %மேட்பிளாட்லிப் வரிகளை நீக்கிவிடலாம். %பிப் வரிகளில் இருந்த தொகுப்புப் பெயர்கள் ‘ரெக்வயர்மென்ட்ஸ்’ ஃபைலுக்குப் போக வேண்டும். %ரன் இருந்த இடத்தில் முறையான இம்போர்ட், %சிடி இருந்த இடத்தில் முழுப் பாதை, ஆச்சரியக்குறி இருந்த இடத்தில் சப்பிராசஸ் மாட்யூல், %என்வ் இருந்த இடத்தில் ஓஎஸ் மாட்யூலின் ‘என்விரான்’. நிரலின் நடுவே நிறுத்திப் பார்க்க வேண்டியிருந்தால் பைத்தானின் சொந்த ‘பிரேக்பாயின்ட்’ ஃபங்ஷன் போதும், %டிபக்-இல் பழகிய அதே எழுத்துகள் அங்கேயும் செல்லும்.